கட்டளை வரியில் தமிழ்: பிழைச் செய்திகளும் அவற்றின் சோதனையும்

கட்டளை வரி மென்பொருள் என்பது எழுத்தாலேயே ஏவப்பட்டு எழுத்தாலேயே மறுமொழி தருவதாகும். அதில் பொத்தானோ படமோ இல்லாமையால், பணி ஏன் நின்றது என்பதை உணர்த்தப் பிழைச் செய்தி ஒன்றே உண்டு. இச்செய்திகளை நிரலிலிருந்து பிரித்து மொழிதோறும் தனிக் கோப்பில் வைக்கும் கெட்டெக்ஸ்ட் முறையைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1990களின் தொடக்கத்தில் உருவாக்க, ஜிஎன்யூ திட்டம் 1995இல் அதன் கட்டற்ற வடிவத்தை வெளியிட்டது. தமிழ் 1991இலேயே யூனிகோடில் இடம்பெற்றிருந்தும், அப்பத்தாண்டின் இறுதியில் திஸ்கியும், 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் முறைகளும் எனப் பல எழுத்துக் குறியாக்கங்கள் வழங்கியதால், செய்தியின் பொருளைச் சோதிக்குமுன் எழுத்து தெரிகிறதா என்றே பார்க்க வேண்டியிருந்தது. யூனிகோடு வந்தபின்னும் இச்சிக்கல் தீரவில்லை. பிழைச் செய்திகளில் மிகுதியாக வரும் ‘கோப்பு’ என்ற சொல்லின் முதலெழுத்தில் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டியிருக்க, எழுத்துக்கு ஒரு கட்டம் என ஒதுக்கும் எளிய முனையம் (கட்டளை இடும் சாளரம்) அதைச் சிதைத்துக் காட்டும்.

கெட்டெக்ஸ்டுடன் வரும் தொகுப்புக் கருவி, கோப்புப் பெயரோ எண்ணோ வந்து அமரும் இடக்குறிகள் மூலத்திலும் மொழிபெயர்ப்பிலும் ஒத்துள்ளனவா என்று சரிபார்க்கும். ஆனால் வேற்றுமை உருபு அதன் கண்ணுக்குப் படாது. திருவண்ணாமலையில் ஒருவர் ‘தீபம்’ என்று பெயரிட்ட கோப்பைத் திறக்க முயன்று தவறினால், இடக்குறியை ஒட்டி ‘ஐ’ எழுதிய மொழிபெயர்ப்பு ‘தீபம்-ஐத் திறக்க இயலவில்லை’ என்று காட்டும். தமிழில் அது ‘தீபத்தை’ என்றே வரவேண்டும். ‘கோப்பைத் திறக்க இயலவில்லை: தீபம்’ என்று பெயரை இறுதிக்குத் தள்ளி, உருபைத் தெரிந்த சொல்லிலேயே ஏற்றுவது இதற்கு நல்ல வழி.

இத்தகைய குறைகள் நீடிப்பதற்குச் சோதனை மரபும் காரணமாகும். ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸ் போன்ற கட்டளைத் தொகுப்புகளின் தானியங்கிச் சோதனைகள், எதிர்பார்க்கும் வெளியீடு கணினிதோறும் மாறாதிருக்க, மொழிச் சூழலை ‘சி’ என்னும் இயல்புநிலைக்கு மாற்றிவிட்டே பெரும்பாலும் ஓடுகின்றன. அந்நிலையில் ஆங்கில மூலமே வெளிப்படுவதால், மொழிபெயர்ப்பு எதுவும் அச்சோதனையில் தோன்றுவதேயில்லை. அம்மரபு ஆங்கில வெளியீட்டுக்குப் பொருத்தமானதே. தமிழுக்கோ தனிச் சோதனை தேவை: சூழலைத் தமிழுக்கு மாற்றி, தீபம், மலை, ஆறு என வெவ்வேறு ஈறுள்ள பெயர்களுடன் ஒவ்வொரு பிழையையும் வேண்டுமென்றே நிகழச் செய்து, வரும் தொடரைத் தமிழறிந்த ஒருவர் முனையத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும்.