பழுது வீட்டுக்குள் வந்த கதை

மதுரையில் ஒரு வீட்டில் இன்டர்நெட் நின்றுபோனால், இன்று முதலில் எழுந்துபோய்ப் பார்ப்பவர் அந்த வீட்டுக்காரர்தான். முப்பது வருடத்துக்கு முன்பு பழுது தெருவில் இருந்தது. அதைத் தேடி எங்களைப் போன்றவர்கள் வெயிலில் அலைந்தோம். நான் தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்தவன். பசுமலை, மூலக்கரை, ஹார்விபட்டி, திருநகர் பக்கம்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கம்பத்தில் இருந்த பழுது ஹாலில் இருக்கும் ரூட்டருக்கு இடம் மாறியதைக் கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

செம்புக் கம்பிக் காலத்தில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பாதை உண்டு. எக்ஸ்சேஞ்சில் எம்டிஎஃப் என்ற இணைப்புச் சட்டகம், அங்கிருந்து தரையடிக் கேபிளில் கேபினட், பில்லர், பிறகு கம்பத்தில் டிபி பெட்டி, அதிலிருந்து வீட்டுக்கு டிராப் வயர். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட் அந்த இரண்டு கம்பிகளில் எப்போதும் இருக்கும். 198க்குப் புகார் பதிவானால் சீட்டு எங்கள் கைக்கு வரும். வேலையில் சேர்ந்தபோது மூத்தவர் ஒருவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: "ரெண்டு முனையிலயும் ஓடாத தம்பி, நடுவுல நின்னு பாரு." டிபியைத் திறந்து டெஸ்ட் போனை மாட்டுவோம். டோன் வந்தால் கோளாறு வீட்டுப் பக்கம், வராவிட்டால் எக்ஸ்சேஞ்ச் பக்கம். அந்தப் பாதியையும் இரண்டாக்கினால் கடைசியில் மழைநீர் இறங்கிய ஜாயின்ட்டோ, அணில் கடித்த வயரோ கையில் சிக்கும். எங்கள் தொழிலின் மொத்த வித்தையும் இதுதான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. அது பெருநகரங்களின் கதை. கம்பியில்லா இன்டர்நெட்டின் கதையில் மதுரை மாவட்டத்துக்கு முந்திய பக்கம் ஒன்று உண்டு. 2001 இறுதியில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இன்டர்நெட் கியோஸ்க்குகள் திறக்கப்பட்டன. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற தொழில்நுட்பம்தான் அவற்றுக்கு ஆதாரம். கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வரை, குறுக்கே மறைப்பு இல்லாவிட்டால், கூரை மேல் நட்ட ஆன்டெனா சிக்னலைப் பிடிக்கும். வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அந்த வேகத்தில்தான் கிராமத்தவர்களின் கண்களைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்த கியோஸ்க்குகளில் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. ஆனாலும், நகரத்து வீடுகளுக்கு வைஃபை வருவதற்கு முன்பே மேலூர்க் கிராமங்களில் காற்று வழியாக இன்டர்நெட் ஓடியது என்பதில் நம் மாவட்டம் பெருமைப்படலாம்.

வீடுகளைப் பொறுத்தவரை திருப்புமுனை 2005 ஜனவரி. அந்த மாதம்தான் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் தொடங்கியது. அதே மாதம்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தது. முதலாவது வீட்டுவாசல் வரை இன்டர்நெட்டைக் கொண்டுவந்தது. இரண்டாவது வீட்டுக்குள் அதைக் கம்பியில்லாமல் பரப்ப வழிவிட்டது.

பிராட்பேண்ட் பழைய செம்புக் கம்பியிலேயே வந்தது. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, டேட்டா 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டையும் பிரிக்க ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி. திருநகரில் ஒரு வீட்டில் அம்மா ஒருவர் சொன்னார்: "போன் அடிச்சா நெட்டு போயிருது அண்ணே. எடுத்துப் பேசி வச்சா மறுபடி வருது." மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு அசையாமல் எரிந்தது. என் செல்போனிலிருந்து அந்த வீட்டு நம்பருக்கு அடித்தேன். மணி அடித்ததும் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. கூடவே மாடியிலும் ஒரு மணிச்சத்தம். ஸ்பிளிட்டருக்கு முன்பே லைனைக் கிளை பிரித்து மாடிக்கு ஒரு பேரலல் போன் கொடுத்திருந்தார்கள். அந்த இணைப்பை ஸ்பிளிட்டரின் போன் துளைக்கு மாற்றினேன். மறுபடி அடித்துப் பார்த்தேன், விளக்கு அசையவில்லை. கம்பத்தில் கை வைக்காமல், முழுக்க வீட்டுக்குள்ளேயே நான் தீர்த்த பழுதுகளில் அது ஒன்று. தொழில் திசை மாறுவது அன்று எனக்குப் புரிந்தது.

பிறகு மோடமே வைஃபை ரூட்டரானது. புதுப்புதுக் கோளாறுகள் வந்தன. பழைய வீடுகளின் கனத்த கல் சுவரும், இரும்பு பீரோவும் சிக்னலைத் தின்றன. நெருக்கமான தெருக்களில் பத்து ரூட்டரும் ஒரே சேனலில் மோதின. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளை ரேடியோ வழியே இணைத்த அலோஹா நெட்டிலேயே இந்தச் சிக்கல் உண்டு. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும், கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அனுப்ப வேண்டும். வைஃபையும் அந்த வழியில் வந்ததுதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. 2012 வாக்கில் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில் அடாப்டர்கள் வரிசையாகச் செத்தன. 12 வோல்ட் அடாப்டர் நலிந்து குறைந்த வோல்ட் கொடுக்கும்போதும் ரூட்டரில் விளக்கு எரியும். அதனால் வீட்டார் அடாப்டரைச் சந்தேகிக்கவே மாட்டார்கள். ரூட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் நான் முதலில் மாற்றிப் பார்ப்பது அடாப்டரைத்தான்.

இப்போது ஃபைபர். அதன் கண்ணாடி இழை, உறை நீங்கலாக, 125 மைக்ரான் தடிமன். ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். 2020 ஊரடங்கில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக இழுத்த இணைப்புகளில் நான் அதிகம் பார்த்தது ஒரே பழுது. ஃபைபர் வந்து சேரும் பெட்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருக்கும். பின்னால் பார்த்தால் மஞ்சள் வயர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கி நசுங்கிக் கிடக்கும். கூர்மையாக மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். பீரோவை நகர்த்தி வயரை அகன்ற வளையமாக விட்டால், இழை முறியாமல் இருந்தால், சிவப்பு அணைந்து, இணைப்பு வந்ததைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நிற்கும். அதற்குள் யாராவது ஊசியால் ரீசெட் துளையைக் குத்தியிருந்தால்தான் சிரமம். யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, சின்னப் பழுது பெரிய பழுதாகிவிடும்.

கம்பம், வாசல், ஹால் என்று பழுது உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கிறது. பழுது பார்க்கும் பொறுப்பும் அதன் பின்னாலேயே வந்து குடும்பத்தின் தலையில் இறங்கிவிட்டது. பொறுப்பைக் கொடுத்தவர்கள் அதற்கான அறிவைக் கொடுக்கவில்லை. அதைத்தான் நான் குறையாகச் சொல்வேன். அந்த அறிவு கடினமானது இல்லை, லைன்மேன்களின் பழைய வித்தையேதான். நடுவில் நில்லுங்கள். ரூட்டரிலிருந்து ஒரு லேன் வயரை கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பாருங்கள். வயரில் நெட் வந்தால் கோளாறு வைஃபையில். வயரிலும் வராமல் எல்ஓஎஸ் சிவப்பாக இருந்தால் கோளாறு வெளியிலிருந்து வரும் ஃபைபரில். சிவப்பு இல்லை என்றால் ரூட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் இன்றே ஒரு தாளில் எழுதி பத்திரப்படுத்துங்கள். புகார் சொல்லும்போது "நெட் வரல" என்று நிறுத்தாமல், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள், அடுத்த முறை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.