சினைப்பைப் புற்றுநோயும் நோயெதிர்ப்பு செல்களும்

சினைப்பைப் புற்றுநோய் என்பது பெண்ணின் சினைப்பையிலோ, அதை ஒட்டிய கருக்குழாயின் நுனியிலோ தொடங்கி வயிற்றறை முழுவதும் பரவக்கூடிய நோய். இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இதுவே. 2022-இல் நாட்டில் சுமார் 47,000 பெண்களுக்கு இது புதிதாக வந்திருக்கும் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணிப்பு. புற்றுநோய் செல்லை அழிப்பதோடு நிற்காமல், அதைச் சூழ்ந்திருக்கும் நோயெதிர்ப்பு செல்களையும் மருந்தின் இலக்காக்கும் ஆராய்ச்சி இந்த நூற்றாண்டில் வேகம் பிடித்திருக்கிறது.

வயிற்று நீர்

வயிறு உப்பிக்கொண்டே போகிறது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது: நோயாளிகள் பெரும்பாலும் சொல்லும் தொந்தரவுகள் இவைதான். வாயுக் கோளாறு என்று நாள் கடத்திவிடுவதும் இதனால்தான். பல பெண்களிடம் நோய் தெரியவரும்போதே வயிற்றில் நீர் கோத்திருக்கும். ஊசி வைத்து எடுத்தால் வைக்கோல் நிறத்திலோ ரத்தம் கலந்தோ, சில நேரம் லிட்டர் கணக்கில் வரும்.

அந்த நீரில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோய் செல்கள் சிறு சிறு கொத்துகளாக மிதக்கும். அவற்றினூடே லிம்போசைட்டுகளும், மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்களும் இருக்கும். நோயை எதிர்க்க வேண்டிய செல்கள் வந்து சேர்ந்திருந்தும் நோய் வளர்கிறது. அது எப்படி என்பதுதான் ஆய்வாளர்களின் முதல் கேள்வி.

உதவும் செல், தடுக்கும் செல்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, முற்றிய நோய் கொண்ட 186 பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டது. கட்டிக்குள் லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி செல்கள் நுழைந்திருந்தவர்களில் 38 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தார்கள். டி செல்கள் இல்லாதவர்களில் அப்படி வாழ்ந்தவர்கள் 4.5 சதவீதம் மட்டுமே.

மறுபக்கம் 2004-இல் வெளிப்பட்டது. டி செல்களிலேயே ஒரு வகை, மற்ற டி செல்களை அடக்கி வைக்கும். உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாமல் இருக்க இந்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள் தேவை. ஆனால் சினைப்பைக் கட்டியும் அங்குள்ள மேக்ரோஃபேஜ்களும் சிசிஎல்22 என்ற புரதத்தைச் சுரந்து இவற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. இவை மிகுந்திருந்த நோயாளிகளின் ஆயுள் குறைவாக இருந்தது.

மேக்ரோஃபேஜின் கதையும் இதுபோன்றதே. புற்றுநோய் செல்லை விழுங்கக்கூடிய அது, கட்டியின் சூழலில் புதிய ரத்தக் குழாய்கள் வளரவும் டி செல்கள் முடங்கவும் துணைபோகிறது. புற்றுநோய் செல் தன் மேற்பரப்பில் சிடி24 என்ற புரதத்தைக் காட்டி, விழுங்கப்படாமல் தப்புவதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-இல் கண்டறிந்தார்கள். எலிகளில் அதை மறித்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

மருந்துகள்

டி செல்களைக் கட்டிப்போடும் பிடி-1 என்ற தடையை நீக்கும் மருந்துகள் தோல், நுரையீரல் புற்றுநோய்களில் பெரிய மாற்றம் கொண்டுவந்தன. சினைப்பைப் புற்றுநோயில் அந்த அளவு பலன் கிட்டவில்லை. அவ்வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுக்கப்பட்ட 376 பேரில் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது 8 சதவீதம் பேருக்குத்தான். தடையை நீக்கினாலும் அடக்கும் செல்கள் கட்டியைச் சுற்றி இருக்கவே செய்கின்றன என்பது இதற்கான முக்கிய விளக்கங்களில் ஒன்று.

2025-இல் நிலைமை சற்று மாறியது. கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துக்குக் கட்டுப்படாத நோயில், வாராந்திர பாக்ளிடாக்ஸெல் என்ற கீமோ மருந்துடன் பெம்ப்ரோலிசுமாபைச் சேர்த்தபோது, கட்டியில் பிடி-1 தடையை இயக்கும் பிடி-எல்1 புரதம் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் சுமார் 14 மாதத்திலிருந்து 18 மாதமாக உயர்ந்தது.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற, நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துச் செலுத்தும் சிகிச்சைக்கு இந்தியா 2023 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. ஆனால் அது சில ரத்தப் புற்றுநோய்களுக்கானது. சினைப்பைக் கட்டிக்கான இத்தகைய சிகிச்சைகள் இன்னும் பரிசோதனையில்தான் உள்ளன.

கள்ளக்குறிச்சியிலிருந்து

இன்றும் உயிர் காப்பதில் முதலிடம் அறுவை சிகிச்சைக்கும், கார்போபிளாட்டின், பாக்ளிடாக்ஸெல் மருந்துகளுக்கும்தான். ஆனால் அவற்றைப் பெற, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண்ணுக்கு முதல் தடையே தூரம். மலையிறங்கி வந்தால் கள்ளக்குறிச்சியில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே உள்ள சிறப்பு மையங்களுக்கு மேலும் பயணப்பட வேண்டும்: புதுச்சேரி ஜிப்மர், அல்லது முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

நோயைக் கண்டறிவதில் இன்னொரு குழப்பமும் உண்டு. வயிற்றுக் காசநோயிலும் நீர் கோக்கும், சினைப்பைப் புற்றுநோயில் உயர்வதுபோல் சிஏ-125 என்ற புரதத்தின் ரத்த அளவும் உயரும். நீர்ப் பரிசோதனையும் பயாப்ஸியும் செய்துதான் இரண்டையும் பிரித்தறிய முடியும். வயிற்று உப்புசம் சில வாரங்களாக விடாமல் இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம். பயாப்ஸிக்கு எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைக்கும் 'பிளாக்'கும் முக்கியமானது. பிடி-எல்1 சோதனையைப் பின்னாளில் அதிலிருந்தே செய்யலாம் என்பதால், மருத்துவமனை மாறும் குடும்பங்கள் அதையும் ரிப்போர்ட்டோடு கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும்.