எஸ்.பி. ரோடு போய் நாஸ் வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க

பெங்களூருவில் ஆறேழு பேர் இருக்கும் சின்ன ஆபீஸா? ‘இன்வாய்ஸ் ஃபைனல் 3’ யார் லேப்டாப்பில் இருக்குன்னு தேடுறதே பாதி வேலையா? உங்களுக்குத் தேவை நாஸ். ரவுட்டரோடு கேபிளில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி அது. எல்லாக் கணினியிலும் ஒரு டிரைவ் மாதிரி தெரியும்.

ஒருவர் கணினியில் ஃபோல்டரை ஷேர் பண்ணினால் போதாதா? போதும், அவர் ஷட் டவுன் பண்ணிட்டு வீட்டுக்குக் கிளம்பும் வரை.

மலிவா இருக்குன்னு ரொம்பப் பழைய நாஸ் வாங்காதீங்க. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பை இயல்பாகவே ஏற்காது. ‘எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, சரியாயிடும்’ என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீங்க. 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, பலர் போடவில்லை.

இரண்டு 4 டிபி டிஸ்க்கை ரெய்டு 1-இல் போட்டால் கிடைப்பது 4 டிபிதான். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. ஆனால் ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் அழியும். அதனால் இது பேக்கப் ஆகாது. வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஆபீஸுக்கு வெளியே வையுங்க. கரண்ட் போகிற ஏரியா என்றால் யுபிஎஸ்ஸும் கட்டாயம்.

வீட்டிலிருந்து ஃபைல் எடுக்கணுமா? ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விடாதீங்க, விபிஎன் போடுங்க. 2022-இல் டெட்போல்ட் ரான்சம்வேர் குறிவைத்தது இப்படி இணையத்தில் நேரடியாகத் தெரிந்த க்யூநாப் பெட்டிகளைத்தான்.