கொத்தளமும் பல்லாண்டும்

போடிநாயக்கனூரிலிருந்தும், பொட்டிபுரம் முதலான மலையடிவார ஊர்களிலிருந்தும் கூடலழகரைச் சேவிக்க மதுரைக்கு வரும் அடியார்கள், இரயில் நிலையத்தை விட்டு மேலவெளி வீதியைக் கடக்கும்போதே ஒரு கோட்டைக்குள் புகுந்துவிடுகின்றனர். மதிலும் அகழியும் இல்லாமையால், உடன்வரும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னாலன்றி அது புலப்படாது. மதிலுக்குப் புறத்தே அமைந்ததனால் அது வெளி வீதி. மேலவாசல், கீழவாசல், தெற்குவாசல் என்னும் பெயர்கள் வாசல்கள் போனபின்னும் வழங்குகின்றன. பெரியார் பேருந்து நிலையத்தருகே நிற்கும் பழைய கற்கட்டுமானம் மேலைக் கோட்டைவாசலின் எச்சம். நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோருள் நின்று பார்ப்பவர் சிலரே.

இக்கோட்டை பாண்டியர் கட்டியதன்று. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய அரணை நீக்கி, இரட்டை மதிலும் 72 கொத்தளங்களும் உடையதாக எழுப்பினார் என்பது மரபு. நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்து, பாளையத்திற்கு ஒரு கொத்தளமாகக் காவலை ஒப்புவித்தனர் அவரும் தளவாய் அரியநாத முதலியாரும். பாளையங்களின் பட்டியல்கள் ஒன்றற்கொன்று வேறுபட்டாலும் போடிநாயக்கனூர் அவற்றுள் எண்ணப்படுவது. ஏலமலைச் சரிவின் அடியில் இருந்தவர்க்கும் மதுரை மதிலில் ஒரு பங்கு பொறுப்பு இருந்தது என்றே இம்மரபைப் பொருள்கொள்ள வேண்டும்.

அம்மதில் பகைவரால் வீழ்ந்ததன்று. 1834 முதல் 1847 வரை ஆட்சியராயிருந்த பிளாக்பர்ன், நெருக்கத்தாலும் அகழியின் முடைநாற்றத்தாலும் நகரம் நோயுறுவது கண்டு, மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போர்க்கு அந்நிலத்தையே வீட்டுமனையாக அளித்தார். நில அளவையாளர் மாரட், மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவர் பெயராலும் வீதிகள் உண்டாயின. ஆட்சியரைச் சிறப்பிக்க நிறுவிய விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. கோட்டை கட்டிய நாயக்கரினும் அதனை இடித்தவர்களே வீதிப்பெயர்களில் நிலைபெற்றிருப்பது வேடிக்கையே.

கோட்டையின் தென்மேற்குப் பகுதியில் இருப்பது கூடலழகர் திருக்கோயில். அஷ்டாங்க விமானத்தின் மூன்று தளங்களில் எம்பெருமான் இருந்தும் நின்றும் கிடந்தும் சேவை சாதிக்கிறான். விமானத்தை அண்ணாந்து நோக்கும் அடியார்க்கு வழிகாட்டும் பெரியவர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. அது ஒரு மன்னன் இந்நகரைக் கால்நடையாகச் சுற்றிய கதை. குருபரம்பரை கூறுமாறு, வல்லபதேவ பாண்டியன் இரவில் மாறுவேடத்தில் நகரசோதனை செய்கையில், ஒரு திண்ணையில் உறங்கிய அந்தணரை எழுப்பி வினவினான். கங்கை நீராடிச் சேதுவுக்குச் செல்லும் வழிப்போக்கர் அவர். நல்வார்த்தை ஒன்று கேட்ட அரசனுக்கு, மழைக்காலத்துக்கு வேண்டியதை மற்றை எட்டு மாதங்களிலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்ளவேண்டும் என்றார். முதல் மூன்றில் குறையில்லாத மன்னன் நான்காவதில் தன் கை வெறுமையாயிருப்பதை உணர்ந்தான். தன் நகரத்தின் காவலைச் சோதிக்கப் புறப்பட்டவனுக்குத் தன் காவலின்மை தெரிந்தது. புரோகிதர் செல்வநம்பியின் சொற்படி கிழி கட்டப்பட்டதும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விஷ்ணுசித்தர் வந்து பரதத்துவத்தை நிலைநாட்டியதும், கிழி தானே தாழ்ந்ததும், அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்ததும் அதன்பின் நிகழ்ந்தவை.

அந்நகர்வலத்தைக் காணக் கருடாரூடனாய் எம்பெருமான் எழுந்தருள, ஆழ்வார் யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு பல்லாண்டு பாடினார். பரமபதத்தில் காணவேண்டிய வடிவு, காலம் ஆட்சி செய்யும் இந்நிலத்தில் வெளிப்பட்டதே, இதற்கு என் வருமோ என்ற அச்சத்தைப் பெரியவாச்சான் பிள்ளை வ்யாக்யானத்தில் விரித்தருளுகிறார். எல்லார்க்கும் காவலானவனுக்கு ஓர் அடியவன் காப்பிடுவது ஸ்வரூபத்திற்குத் தகுமோ என்னும் வினாவைப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் எடுத்துக்கொள்கிறார். அறிவு மேலிடும் நிலையில் காப்பவனும் காக்கப்படுபவனும் தத்தம் இடத்தில் இருப்பர். அன்பு மேலிடும் நிலையில் இவ்வுறவு தலைகீழாகும் என்பது அவர் தெளிவு. இதனை உபசாரமாகச் சொன்னதென்று கொள்வாரும் உண்டு. அவ்வாறு கொள்வது பொருந்தாதென்பதை அவருடைய இறுதிக்காலமே காட்டும்.

1323-ஆம் ஆண்டளவில் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது ஏழு மதில்களும் எம்பெருமானுக்கு அரணாகவில்லை. முதிர்ந்த வயதினரான லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தார். கோட்டையுடைய மதுரையும் அன்று புகலிடமாகவில்லை. பாண்டியர் தலைநகரும் அப்படையெடுப்பில் வீழ்ந்து, பின்னர் சுல்தான்களின் இருப்பிடமாயிற்று. ஆசார்யர் தங்கியது நகருக்கு வடகிழக்கே, யானைமலைச் சாரலில் உள்ள ஜ்யோதிஷ்குடி. ஒத்தக்கடையை அடுத்த கொடிக்குளமே அது என்பர். அங்கே அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் மேலும் பல ஊர்களில் தங்கி, 1371-இல் திருவரங்கம் மீண்டான்.

வெளி வீதிகளைச் சுற்றிவந்த அடியார்களுள் பொழுதுள்ளவர்களை வழிகாட்டும் பெரியவர் வைகைக்கு அப்பால் கொடிக்குளத்துக்கும் அழைத்துச் செல்வதுண்டு. வேதநாராயணப் பெருமாள் சந்நிதி அங்கே உள்ளது. லோகாசார்யரும் அங்குச் சேவை சாதிக்கிறார். அவ்வூர் 72 கொத்தளங்களின் எல்லைக்கு வெகு தொலைவில், வயல்களின் நடுவே இருக்கிறது.