விடுமுறை நாளில் விழித்திருந்த திருடர்கள்

பண்டிகை நாட்களில் பத்திரிகைக் காரியாலயத்தில் ஓரிருவரே கடமையில் இருப்போம். பெரிய செய்திகள் அத்தகைய இரவுகளில்தான் வந்து சேரும் என்பது எமது தொழிலில் பழைய அனுபவம். திருடர்களும் நாட்காட்டியை நன்கு படிப்பவர்கள் என்பதை 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு நேர்ந்த கதி உணர்த்தியது.

அன்று பெப்ரவரி 4, வியாழக்கிழமை. இங்கே நமக்குச் சுதந்திர தின விடுமுறை. டாக்காவில் வெள்ளியும் சனியும் வாராந்த விடுமுறையாதலால், அன்றிரவு வங்கி அடங்கிவிட்டது. வேலை விண்ணப்பங்கள் போலத் தோன்றிய மின்னஞ்சல்கள் மூலம் ஓராண்டுக்கு முன்னரே அதன் கணினிகளுக்குள் புகுந்து காத்திருந்தவர்கள், 'சுவிஃப்ட்' வலையமைப்பினூடாக நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். கோரிய தொகை ஏறத்தாழ 95 கோடி டொலர்.

வெள்ளியன்று டாக்காவில் கடமைக்கு வந்தவர்கள், அச்சுப்பொறி இயங்காததைச் சாதாரணக் கோளாறென்றே எண்ணினர். சனியன்று விபரீதம் புரிந்து நியூயோர்க்கைத் தொடர்புகொள்ள முயன்றபோது, அங்கே வார இறுதி. பணம் போய்ச் சேர்ந்த மணிலாவிலோ திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. பணத்தை நிறுத்துமாறு டாக்கா அனுப்பிய செய்தி கவனிப்பாரின்றிக் கிடந்தது. அங்கு சென்ற 8 கோடி 10 இலட்சம் டொலரில் பெரும்பகுதி, மறுநாள் வங்கி திறந்ததும் எடுக்கப்பட்டுச் சூதாட்ட விடுதிகளின் பக்கம் சென்று மறைந்தது. மூன்று நகரங்களின் விடுமுறைகளைக் கோத்துத் திருடர்கள் தமக்கு நான்கு நாள் அவகாசம் தேடிக்கொண்டார்கள்.

இக்கதையில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. இங்குள்ள அமைப்பொன்றின் பெயருக்கு 2 கோடி டொலர் அனுப்பப்பட்டது. அந்தக் கட்டளையில் 'பவுண்டேசன்' என்ற ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததை இடையிலிருந்த வங்கியொன்று கவனித்து விளக்கம் கேட்டது. பணம் தப்பியது. வாழ்நாளின் பாதியை அச்சுப்பிழை திருத்துவதிலேயே கழித்த எனக்கு, எழுத்துப்பிழையொன்று 2 கோடி டொலரைக் காப்பாற்றியது என்பதில் தனி மகிழ்ச்சி. ஆனால் காப்பாற்றியது பிழையன்று. அதைக் கண்டு, 'இது என்ன?' என்று கேட்ட கண்களே.

மார்ச் 15ஆம் திகதி வங்கியின் ஆளுநர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார். நியூயோர்க் வங்கி, மத்திய வங்கிகளின் அவசர அழைப்புகளுக்கென 24 மணி நேரத் தொலைபேசி இணைப்பொன்றை ஏற்படுத்தியது. களவு போன பின்னரே அது வந்தது.

நமது அரச நிறுவனங்களும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வெசாக்குக்கும் கதவைப் பூட்டுகின்றன. கணினிகளோ விழித்தபடியே இருக்கின்றன. விடுமுறையிலும் பொறுப்பான ஒருவர் கடமையில் இருக்கவேண்டும். சந்தேகம் எழுந்தால் மேலதிகாரிக்காகக் காத்திராமல் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். அவர் அழைத்தால் மறுமுனையில் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் வேண்டும். காணாமற்போனது ஏழை நாடொன்றின் மக்கள் பணம். அதைக் காக்க அந்த நான்கு நாட்களில் தேவைப்பட்டது இவ்வளவுதான்.