பழைய படகுக்குப் புதுப் பலகை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழைக்கரையிலே, மேரிலாந்து, வேர்ஜினியா என்னும் இரு மாநிலங்களினூடே ஏறக்குறைய 200 மைல் நீளத்துக்கு உட்புகுந்து கிடக்கிறது செசப்பீக் விரிகுடா. பரப்பிற் பெரிதாயினும் அதன் ஓரங்கள் ஆழங் குறைந்தவை, கடற்புல் வளர்பவை. யாழ்ப்பாணக் கடனீரேரியைப் பார்த்தவர்கள் அவ்விடத்தை எளிதில் மனக்கண்ணிற் காணலாம். அங்கு பிடிபடும் நண்டும் நமது நீலக்கால் நண்டுக்கு நெருங்கிய உறவே. அந்த நண்டைத் தேடிச் சென்ற மரப்படகுகளைப் பற்றியும், அவற்றைப் பழுதுபார்த்துக் காத்தவர்களைப் பற்றியும் இன்று கூற விரும்புகின்றேன்.

அந்நாட்டின் ஆதிக்குடிகள் ஒற்றை மரத்தை நெருப்பிட்டுக் கருக்கி, கருகியதைச் சுரண்டிக் குடைந்து தோணி செய்தனர். 17ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஐரோப்பியர் அதனைக் கற்று, காலப்போக்கில் மூன்று, ஐந்து என மரங்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து அகன்ற தோணிகளை அமைத்தனர். 1889இல் கட்டப்பட்ட ‘எட்னா லொக்வூட்’ என்னும் பாய்க்கலத்தின் அடிப்பாகம் ஒன்பது பைன் மரங்களால் ஆயது. அத்தகைய பெருமரங்கள் அருகிப் போகவே, 1890களிற் பலகைப் படகு தலையெடுத்தது. நண்டு பிடிக்கும் சிறு படகையே பெருப்பித்து, அடிப்பாகத்தைக் குறுக்குப் பலகைகளால் மூடினர். குட்டையான பலகை போதும். ஆவியிலிட்டு வளைக்க வேண்டியதில்லை. வீடு கட்டும் தச்சனும் செய்துவிடலாம். ‘ஸ்கிப்ஜாக்’ எனப்பட்ட அக்கலங்கள் குளிர்காலத்திற் சிப்பி வாரச் சென்றன.

சிப்பிக் கலங்களிற் பாய் நெடுங்காலம் நிலைத்தது பழமைப் பற்றினால் அன்று. சிப்பி வாருவதற்கு நீராவிக் கலங்களைப் பயன்படுத்தலாகாது என மேரிலாந்துச் சட்டம் 1865இல் விதித்தது. வாரத்தில் இரு நாள் மட்டும் யந்திரப் படகு கொண்டு தள்ளிச் செல்லலாம் என்ற தளர்வு 1967இற்றான் வந்தது. நண்டுத் தொழிலுக்கோ அத்தகைய தடை இருக்கவில்லை. ஆகவே, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெற்றோல் யந்திரம் வந்ததும், பாட்டன் காலத்துத் தோணியின் பாய்மரத்தைக் கழற்றிவிட்டு யந்திரத்தைப் பூட்டினர் பலர். இதனைப் பழமைக்கு இழைத்த தீங்கெனச் சிலர் வருந்துவர். அத்தோணிகள் கரையிற் கிடந்து உக்காமல் மேலும் ஒரு தலைமுறை உழைத்தமைக்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

தொழிலே படகின் வடிவத்தை வகுத்தது. ஸ்மித் தீவு மக்கள் ஓடு கழற்றும் நண்டை நாடிச் செல்பவர்கள். ஓடு கழற்றுங் காலத்தில் நண்டு பகைக்கு அஞ்சிக் கடற்புல்லினுள் ஒளிந்துகொள்ளும். இரும்புச் சட்டத்திற் பூட்டிய வலைப்பையைப் புல்லின்மீது இழுத்து அதனைப் பிடிக்கின்றனர். நாளொன்றிற் பலமுறை அப்பையைக் கையால் தூக்க வேண்டியிருப்பதால், படகின் பக்கம் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலாக நிற்கும். முழங்காலளவு நீரிலும் அது மிதக்கும். அகப்பட்ட நண்டின் நீந்து காலை வெளிச்சத்திற் பிடித்து அதன் ஓரக் கோட்டைப் பார்ப்பர். கோடு வெண்மையாயின் ஓடு கழல ஏறக்குறைய இரு வாரம் செல்லும். இளஞ்சிவப்பாயின் ஒரு வாரம். கடுஞ்சிவப்பாயின் ஓரிரு நாள். 1972இல் வீசிய ‘அக்னஸ்’ புயலின் வெள்ளம் அந்தப் புற்றரைகளிற் பெரும்பகுதியை அழித்தது. புல் அழிந்தவிடத்து அப்படகுக்கும் வேலை குறைந்தது.

இனி, பழுதுபார்க்கும் வேலையைப் பார்ப்போம். மரப்படகுக்கு உவர்நீரை விட மழைநீரே பெரும் பகை. மேற்றட்டின் இடுக்குகளில் இறங்கித் தங்கி, உள்ளிருந்தே உக்கச் செய்யும். உப்பு மிகுந்த தென்பகுதியிற் கடற்புழுவும் கீழிருந்து துளைக்கும். ஆனால் பழுதுபார்ப்பவரின் பெருந் தொல்லை வேறொன்று. இப்படகுகளைக் கட்டியோர் பெரும்பாலும் வரைபடம் வரையவில்லை. கண்ணளவே அவர்களின் அளவுகோல். ஆகவே உக்கிப்போன பழம் பலகையே எஞ்சியுள்ள வரைபடம். அதை அவசரப்பட்டு உடைத்து எறிந்தால், கட்டியவரின் கணக்கும் அதனோடு போய்விடும். அனுபவமுள்ள தச்சர் பழம் பலகையைச் சிதையாமற் கழற்றி, புதுப் பலகையின்மேல் வைத்துக் கோடிட்டு அறுப்பர்.

புரொன்சா பார்க்ஸ் என்னும் புகழ்பெற்ற படகுத் தச்சர் 1955இல் தம் சகோதரர் ஓர்வில் என்பவருக்காக ஒரு ஸ்கிப்ஜாக் கட்டி, தாயின் பெயரால் ‘றோசி பார்க்ஸ்’ என அழைத்தார். 1958இல் அவர் இறந்தார். 1975இற் செசப்பீக் விரிகுடாக் கடல்சார் அரும்பொருட்காட்சியகம் அப்படகை வாங்கியது. 2010 முதல் 2013 வரை அங்கேயே அது பழுதுபார்க்கப்பட்டது. பெரும்பகுதி மரம் புதிது. எட்னா லொக்வூட்டின் ஒன்பது அடிமரங்களும் அவ்வாறே மாற்றப்பட்டு, 2018இல் அக்கலம் மீண்டும் நீரில் இறங்கியது. அப்படியாயின் அது பழைய படகுதானா என்று கேட்போர் உளர். ஆண்டுதோறும் ஒரு பலகையாவது மாற்றி வந்த நண்டுத் தொழிலாளிக்கு இக்கேள்வி தோன்றியிராது. அவனுடைய பாட்டனும் அவ்வாறே செய்தவன்.

பழுதுபார்த்த படகு நீரில் இறங்கியவுடன் தொழிலுக்குப் போவதில்லை. நெடுநாள் கரையில் உலர்ந்த பலகைகள் சுருங்கியிருப்பதால், இணைப்புகளில் எல்லாம் நீர் கசியும். பலகை நீரை உறிஞ்சிப் பருத்து, ஒன்றையொன்று நெருக்கி, இடைவெளி தானாக மூடிக்கொள்ளும் வரை, சில நாட்களுக்கு இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டு காவலிருப்பர். கசிவு நின்ற பின்னரே வலைப்பையை ஏற்றுவர்.