வினாவும் பணயமும்: பொது அறிவு விளையாட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் பெருவீதியில், பேராதனையைக் கடந்ததும் வரும் ஊர் பிலிமத்தலாவை. பித்தளை வேலைக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் தவுலகலை வீதி பிரிகின்றது. அவ்வீதியிற் சிறிது தூரம் சென்றால், 1344ஆம் ஆண்டிற் பாறையொன்றின் மீது எழுப்பப்பட்ட கடலாதெனிய விகாரையைக் காணலாம். "இவ்விகாரையைக் கட்டியவர் யார்?" என்ற வினாவை மாணவர் சிலர் ஒருவருக்கொருவர் விளையாட்டாகக் கேட்பதாகக் கொள்வோம். ஒருவர் சீலவங்ச தர்மகீர்த்தி தேரர் என்பார். மற்றொருவர் தென்னிந்தியச் சிற்பாசாரியாராகிய கணேசுவராச்சாரி என்பார். முன்னவர் கட்டுவித்தவர், பின்னவர் கட்டியவர். இரு பெயரும் அவ்விகாரைக் கல்வெட்டினால் அறியப்பட்டவையே. எனினும் வினாத்தாளில் விடைக்கு விடப்பட்டிருப்பது ஒரேயொரு கோடு. அக்கோட்டில் எப்பெயரை எழுதுவது என்பது, பொது அறிவு என்னும் தொடரிலுள்ள 'பொது' யாருடையது என்பதைப் பொறுத்தது.

வினாத் தொடுத்து வெல்லும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையது. ஆயின் அது நட்புமுறையான பொழுதுபோக்காகத் தொடங்கியதன்று. பழைய கதைகளில் வினாவின் பின்னே எப்போதும் ஒரு பணயம் நின்றது. பாரதத்தில் நச்சுப்பொய்கைக் கரையிலே தருமனிடம் கேட்கப்பட்ட வினாக்களுக்குத் தம்பியரின் உயிர் பணயமாயிற்று. இசுலாமியத் தமிழிலக்கியத்தில் மசலா என்றே ஒரு வகை உண்டு; மசலா என்பது வினாவைக் குறிக்கும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். வண்ணப்பரிமளப் புலவர் பாடி 1572ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேறிய ஆயிரமசலாவில், யூத அறிஞர் ஒருவர் நபிகள் நாயகத்திடம் ஆயிரம் வினாக்களை விடுக்கிறார். அங்கே பணயம் சமயமே. விடை நிறைவு தந்ததும் அவர் இசுலாத்தைத் தழுவுகிறார். நூறுமசலாவிலோ அரசகுமாரி ஒருத்தி தன் வினாக்களுக்கு விடை கூறுபவனையே மணப்பேன் என்று நிற்கிறாள்.

இவ்வகைக் கதைகளுள் நின்று நோக்கத்தக்கது குண்டலகேசியின் கதையாகும். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசியிற் சில பாடல்களே இன்று எஞ்சியுள்ளன. கதையைப் பாளி உரைகளிலிருந்தே விரிவாக அறிகிறோம். கணவனாகிய கள்வனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டுச் சமணத் துறவு பூண்ட பத்திரை, கற்பன எல்லாம் கற்று ஊர் ஊராகச் செல்கின்றாள். ஊர்வாயிலில் மணலைக் குவித்து அதில் நாவற்கிளையொன்றை நடுவாள். வாதுக்கு வருபவர் அக்கிளையை மிதிக்க வேண்டும். மிதிப்பார் எவருமின்றிக் கிளை வாடும். அவள் அடுத்த ஊருக்குச் செல்வாள். சாவத்தி நகரில் சாரிபுத்த தேரர் சிறுவரைக்கொண்டு கிளையை மிதிப்பித்தார். அவள் கேட்டவற்றுக்கெல்லாம் அவர் விடை கூறினார். பின்னர் அவர் கேட்ட வினா ஒன்றே: ஒன்று என்பது யாது? அவளால் விடை கூற இயலவில்லை. தோல்வியை ஏற்றுப் பௌத்த சங்கத்திற் சேர்ந்தாள்.

பாளி நூலாகிய குத்தகபாடத்தைப் புரட்டுவோர் அங்கே ஒரு வியப்பைக் காண்பர். அதே வினா, இளஞ்சாமணேரருக்கான பத்து வினாக்களுள் முதலாவதாக அதில் நிற்கின்றது. ஏழு வயதுச் சோபாகனிடம் கேட்கப்பட்டவையே அப்பத்தும் என உரைகள் கூறும். எல்லா உயிரும் உணவினால் நிலைபெறுகின்றன என்பதே விடை. மடத்திற் சேர்ந்த சிறுவன் முதல்நாட் பாடமாக அறிந்ததை, நாடெங்கும் வென்ற வாதி அறிந்திருக்கவில்லை! இதனைச் சாரிபுத்தரின் மேதைமைக்குச் சான்றாக உரைகாரர் கொள்வர். இன்றைய வாசகனுக்கு வேறொன்றும் தோன்றக்கூடும். அவ்வினா கடினமானதன்று, ஒரு கூட்டத்தார்க்கு அது எளிதினும் எளிது, அக்கூட்டத்துக்குப் புறத்தே நிற்பவர்க்கு விடையே இல்லாதது. சமணர் இத்தோல்வியை எளிதில் ஏற்கவில்லை. நீலகேசி என்னும் காப்பியத்தில் குண்டலகேசியை மீண்டும் வாதுக்கு அழைத்துத் தோற்கடித்த பின்னரே அவர்களுக்கு ஆறுதல் பிறந்தது போலும்.

பணயமற்ற வினா இக்காலங்களில் இல்லாமற் போகவில்லை. அது வேறிடத்தில் வாழ்ந்தது. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு ஒருங்கெண்ணும் பிசி என்பதே இன்றைய விடுகதை. ஈழத்தில் நொடி என்றும் வழங்கும். விடுகதையின் விடை எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். முட்டை, தேங்காய், வெங்காயம், கிணறு, குடை ஆகியவற்றை அறியாதார் யார்? அறிந்த பொருளை உவமையால் மறைத்து வைப்பதே ஆட்டம். ஆகவே எழுத்தறியாத பாட்டி, பட்டதாரிப் பேரனை எளிதில் மடக்குவாள், தோற்றவனும் சிரிப்பான். பெருந்தோட்டங்களுக்கு வந்தோர் தென்னிந்தியாவிலிருந்து கொணர்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. அயற் சிங்களக் கிராமங்களில் தேரவிலி என்னும் பெயரால் இதே விளையாட்டு நடந்தது. மொழி வேறாயினும் தேங்காய் ஒன்றே.

பொது அறிவு வினா இவ்விடுகதையின் வழிவந்ததன்று. அதன் விடை வினாவுக்குள் இல்லை. வெளியிலிருந்து கற்றுக் கொணரப்படவேண்டும். அதன் மூதாதையை வினாவிடை நூல்களிலேயே தேடல்வேண்டும். 1579ஆம் ஆண்டிற் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கம், தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று. அன்றீக்கு அடிகளார் போர்த்துக்கேய மொழியிலிருந்து பெயர்த்த அந்நூல், ஆசிரியன் வினவ மாணாக்கன் விடைபகரும் முறையில் அமைந்தது. மூன்று நூற்றாண்டின் பின் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், மிசனரிமாரின் அதே கருவியைக் கைக்கொண்டு சைவ வினாவிடையை எழுதினார். கேட்பவன் விடையை முன்னரே அறிவான். சொல்பவன் அதனைப் பிறழாது ஒப்புவித்தல் வேண்டும். பாடசாலைப் பரீட்சையும் இம்முறையையே தனதாக்கியது. இந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் தலைமுறைகள் பல, உயர்தரப் பரீட்சையின் பொது வினாத்தாளிற் குறைந்தது 30 புள்ளி பெற்றே உள்ளே வந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பொது அறிவு ஒரு வாயிற்காவலன். நச்சுப்பொய்கையின் பூதம் இன்று மேற்பார்வையாளர் உருவில் நிற்கிறது என்றால் மிகையாகாது.

வினாவைப் பணயத்திலிருந்து மீட்ட முயற்சி ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சார்ள்ஸ் வான் டோரன், 'இருபத்தொன்று' என்னும் தொலைக்காட்சி வினாப்போட்டியில் 1957ஆம் ஆண்டுவரை 129,000 டொலர் வென்று நாடறிந்தவரானார். விடைகள் தமக்கு முன்கூட்டியே தரப்பட்டன என்பதை 1959 நவம்பரில் அவரே அமெரிக்கக் காங்கிரசுக் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். பணம் பெருகியதும் வினா நாடகமாயிற்று. ஆறாண்டு கழித்து, 1965இல், அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் இருவர், எட் குட்கோல்டும் டான் கார்லின்ஸ்கியும், 'டிரிவியா' என்னும் பெயரில் ஒரு விளையாட்டைப் பரப்பினர். சிறுவயதிற் கேட்ட வானொலி நாடகம், பார்த்த திரைப்படம், படித்த படக்கதை ஆகியவற்றிலிருந்தே வினாக்கள் எழுந்தன. விடை தெரிந்தால் நீயும் எங்களோடு வளர்ந்தவன் என்பதே அங்கு கிடைத்த பேறு. அச்சொல்லோடு தொடர்புடைய இலத்தீன் சொல் மூன்று வீதிகள் கூடுமிடத்தைக் குறிப்பது. முச்சந்தியில் எவரும் பேசக்கூடிய அற்ப விடயம் என்ற பொருள் அதன்வழிப் பிறந்தது. நம்மவரும் முச்சந்திப் பேச்சை மதிப்பதில்லை. அது நியாயமன்று: ஊரறிந்த செய்தி முதலில் உலவியது சந்தியில்தானே.

இந்தியாவிலும் இவ்விளையாட்டு ஏறக்குறைய அக்காலத்திலேயே வேரூன்றிற்று. நீல் ஓ'பிரியன் 1967இல் கல்கத்தாவின் தேவாலய மண்டபமொன்றில் நடத்திய போட்டியே அந்நாட்டின் முதலாவது திறந்த வினாப்போட்டி என்பர். பணயம் பின்னர் மீண்டும் நுழைந்தது. 2000ஆம் ஆண்டிற் கோடி ரூபாய்ப் பரிசோடு தொலைக்காட்சிகள் அதனைக் கொண்டாடின. ஆயினும் விடுதி அறைகளிலும் வாசிகசாலை விறாந்தைகளிலும் பரிசின்றிக் கேட்கப்படும் வினா அழிந்துவிடவில்லை.

எனினும் கொலம்பியா மாணவரின் விளையாட்டை இலங்கையில் அப்படியே ஆடுதல் இயலுமா என்பது ஐயத்துக்குரியது. அவர்கள் எல்லோரும் ஒரே வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். இங்கோ தாய்மொழிவழிக் கல்வி மாணவரைத் தத்தம் மொழியில் ஆழமாகக் கற்கச் செய்தது. அதேவேளை அவர்களைத் தனித்தனி வகுப்பறைகளில், தனித்தனிப் பத்திரிகைகளோடு வளரவும் செய்தது. ஒருவருக்கு முதல்நாட் பாடமாயிருப்பது மற்றவருக்குச் சாரிபுத்தரின் வினாவாகிவிடுகிறது. சிங்கள மாணவன் குமாரதுங்க முனிதாசவைப் பற்றிக் கேட்டால் தமிழ் மாணவன் விழிப்பான். தமிழ் மாணவன் சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அவன் விழிப்பான். இருவரும் சமமாக விளையாடக்கூடிய களம் கிரிக்கெட் மட்டுமே என்று சிலர் நகைப்பர். நகைப்புக்கு இடமிருப்பினும் அது முழுதும் உண்மையன்று.

கடலாதெனியவிலிருந்து அதே வீதியில் மேலும் சென்றால், அதே 1344ஆம் ஆண்டைச் சேர்ந்த லங்காதிலக விகாரையை அடையலாம். அங்கே பாறையிற் சிங்களக் கல்வெட்டொன்றும் தமிழ்க் கல்வெட்டொன்றும் உள்ளன. நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், சேனாலங்காதிகாரர் என்னும் அமைச்சர் எழுப்பிய அவ்விகாரைக்கு அளிக்கப்பட்ட கொடைகளை இரண்டும் கூறுகின்றன. அவற்றைப் பொறித்தோர், எம்மொழியினர் வந்து கேட்பினும் அந்த இடத்திலேயே விடை கிடைக்கவேண்டும் என்று கருதினர் போலும்.